நூறு நாணயமும் ஒரு ஈயும்

ஆபீஸில் யாருக்காவது கல்யாணம் என்றால், ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய் வசூல் பண்ணும் ஓர் அப்பாவி உங்கள் செக்‌ஷனிலும் இருப்பார். அது நீங்களாகவே இருந்தால் என் ஆழ்ந்த அனுதாபங்கள். பத்துப் பேர், ‘எழுதிக்குங்க ஸார், ஒண்ணாம் தேதி தர்றேன்’ என்பார்கள். ஒண்ணாம் தேதி வரும். அந்தப் பத்துப் பேரும் அன்றைக்கு கான்டீனுக்குப் பின்வாசல் வழியாகப் போவார்கள். கடைசியில் மாப்பிள்ளைக்குக் கொடுத்த மிக்ஸியில் ஜார் இரண்டும் நம் அப்பாவியின் சொந்தக் காசாக இருக்கும். மறுநாள் ஒருத்தர் வந்து காதோரம் கேட்பார்: ‘கடையில டிஸ்கவுன்ட் ஏதும் குடுத்தானா?’

இந்த ஜாதி மனிதர் நம் ஊரில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவிலும் ஒருவரைப் பார்த்தேன். என் சொந்த அத்தான்.

2019-ல் அக்கா வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். ஆரிகன் மாநிலம், ஹில்ஸ்பரோ. வேலை வெட்டி இல்லாமல் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கும் தம்பியை நாலு இடம் பார்க்க வைக்கலாம் என்று அக்கா நினைத்தாள். அத்தான் என்னைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை தவறாமல், மழையிலும். கையில் ஜி.பி.எஸ். கருவி, தோளில் பை. ஒரு பட்டுப்போன மரத்தின் பொந்தில் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுப்பார். உள்ளே சின்ன நோட்டுப் புத்தகம். அதில் பேரும் தேதியும் எழுதிவிட்டு டப்பாவைப் பழையபடி ஒளித்து வைப்பார். அவ்வளவுதான். முகத்தில் என்னவோ திருப்பதி தரிசனம் முடித்த திருப்தி.

இதற்குப் பேர் ஜியோகேச்சிங். ஒருத்தர் ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்துவிடுவார். மற்றவர்கள் தேட வேண்டும். உலகம் முழுக்க இப்படி முப்பது லட்சத்துக்கு மேல் டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

ஆரம்பித்த கதை சுவாரஸ்யமானது. 2000-ம் வருஷம் மே மாதத் துவக்கம் வரை, பொதுஜனங்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. எதிரி துல்லியமாகக் குறி வைத்துவிடக் கூடாதே என்ற பயம். அதனால் கருவி நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கிளின்டன் உத்தரவில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். நிறுத்தி இரண்டு நாள்கூட ஆகவில்லை. மே 3-ம் தேதி டேவ் அல்மர் என்பவர், ‘இப்போது எவ்வளவு துல்லியம், பார்க்கலாம்’ என்று ஒரு கறுப்பு வாளியில் சில சாமான்களைப் போட்டு, ஆரிகனில் பீவர்க்ரீக் என்ற ஊர்ப் பக்கம் காட்டோரமாக வைத்துவிட்டு, இடத்தை அறிவித்தார். சாமான்களில் ஒரு டின் பீன்ஸும் உண்டு. சில நாட்களுக்குள் ஆள் தேடிக்கொண்டு வந்துவிட்டது. ஆட்டம் பிறந்துவிட்டது. இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அத்தான் வீட்டிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம்.

டப்பாவிலிருந்து எதையாவது எடுத்தால் பதிலுக்கு எதையாவது வைக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் தர்மம். இதில் ராஜ மரியாதை பெற்ற பொருள், ஜியோகாயின். ரூபாய் நாணயம் மாதிரி, ஆனால் பெரிசு. கனமாக, எனாமல் வண்ணம் பூசி இருக்கும். 2001-ல் வாஷிங்டன் மாநிலத்து ஆட்டக்காரர் ஒருவர் சொந்தமாகச் செய்து ஆரம்பித்து வைத்தார். பிறகு ஒவ்வொரு நாணயத்திலும் தனித்தனி எண் பொறிக்கும் வழக்கம் வந்தது. டப்பாவிலிருந்து டப்பாவுக்கு நாணயம் போகப் போக, அந்த எண்ணை வைத்து அது போன பாதையைப் பார்க்கலாம். ‘என் காசு நார்வேக்குப் போயிருக்குல்லா’ என்று அத்தான் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது, மகனுக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. அக்கா, ‘நாம எப்ப போறது?’ என்றாள். பதில் இல்லை.

2020-ல் ஆட்டத்துக்கு இருபது வயசு. அத்தானின் உள்ளூர்க் கோஷ்டி, ஒரு நினைவு நாணயம் அடிக்கலாம் என்று பேசியது. ‘யார் பொறுப்பு?’ என்றதும் எல்லோரும் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். அத்தான் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டார். முடிந்தது கதை.

‘மாப்ளே, நீ பி.காம். தானே? கணக்கை நீ பாத்துக்க’ என்றார் என்னிடம்.

பத்து வருஷம் கழித்து என் பட்டத்துக்கு வந்த முதல் மரியாதை! உடனே ஒத்துக்கொண்டேன்.

கணக்கு இதுதான். நாணயம் அடிக்க முதலில் அச்சு வெட்ட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 180 டாலர். ஐம்பது அடித்தாலும் 180, ஐநூறு அடித்தாலும் 180. பி.காம். முதல் வருஷத்தில் நிலையான செலவு, மாறும் செலவு என்று படித்துவிட்டு மறந்தீர்களே, அது. ஐம்பது நாணயம் என்றால் அச்சு, அடிகூலி, எண் பொறிக்கும் கட்டணம், சீனாவிலிருந்து கொண்டுவரும் செலவு எல்லாம் சேர்த்து 650 டாலர். ஒன்றின் அடக்கம் 13. நூறு என்றால் மொத்தம் 920. அடக்கம் 9 டாலர் 20 சென்ட். நூறு அடிப்பது, விலை பத்து டாலர் என்று முடிவானது.

‘எனக்கு ரெண்டு’, ‘எனக்கு அஞ்சு’ என்று கேட்டவர்களை எழுதினோம். 117 வந்தது. அத்தான் பூரித்துப்போய், 150 அடிக்கலாமா என்றார். ‘முதல்ல காசு வரட்டும்’ என்றேன். கேட்டோம். 74 நாணயத்துக்குத்தான் காசு வந்தது. மீதி 43-ம் கான்டீன் பின்வாசல்! அமெரிக்கர்கள் சொன்ன சொல் தவறமாட்டார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்தவர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாள் கெடு நீட்டி, ஞாபகப்படுத்தி எழுதியதில் இன்னும் 12. பக்கத்து வாஷிங்டன் மாநிலத்துக் கோஷ்டி 10 எடுத்துக்கொண்டது. மிச்சம் நாலு. அக்காவுக்குத் தெரியாமல் அத்தான் வாங்கினார். (இப்போது தெரிந்திருக்கும்.)

நூறில் இருபதை மட்டும் கறுப்பு நிக்கல் முலாமில் அடிப்பதாகத் திட்டம். விலை ஒன்றுதான். உடனே அத்தனை பேருக்கும் கறுப்பு வேண்டும்! தலை தீபாவளிப் பட்டுக்குக்கூட இத்தனை சண்டை நடந்திருக்காது. நான் நம்ம ஊர்ச் சீட்டுக் குலுக்கல் யோசனையைச் சொன்னேன். பேரெழுதி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அக்கா மகனை விட்டு எடுக்கச் சொன்னோம். தகராறு தீர்ந்தது.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. கோஷ்டியில் ஒரு பெரியவர், தபால் இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். ‘அடக்கம் 9.20. வசூல் 10. நூறு நாணயத்துக்கு 80 டாலர் மிஞ்சுகிறது. அது யாருக்கு?’

அத்தான் முகம் தொங்கிவிட்டது. அக்கா கொதித்தாள். ‘ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் இந்த மனுஷன் கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழுதாரு. இவருக்கு எண்பது டாலர் திருடணும்னு என்ன தலையெழுத்து?’

எனக்கு என்னவோ கேள்வி நியாயமாகப் பட்டது. அடுத்தவர் பணத்தைக் கையில் வாங்கிவிட்டால் கேள்வியையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறோம். ‘எதிர்பாராத செலவுக்கு. மிஞ்சினால் ஆளுக்கு நாணயம் ஒன்றுக்கு 80 சென்ட் திரும்பும்’ என்று பதில் எழுதச் சொன்னேன். எதிர்பாராத செலவு நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாணயத்தின் ஒரு பக்கம் ஹூட் மலையும் ஃபர் மரமும். மறுபக்கம் பீன்ஸ் டின். அதைச் சுற்றி அந்த முதல் வாளி இருந்த இடத்தின் எண்கள். என் 45 டிகிரி 17.460, டபிள்யூ 122 டிகிரி 24.800. தயாரிப்பாளருக்கு அனுப்பும் படிவத்தை டைப் அடித்தது நான். மாதிரிப் படம் வந்தது. கோஷ்டியில் பதினோரு பேர் பார்த்தார்கள். மரத்தின் பச்சை போதவில்லை என்று மூன்று நாள் விவாதித்து, ஒப்புதல் கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, வெட்டிய அச்சில் அடித்த முதல் மாதிரியின் போட்டோ வந்தது. அக்கா மகனுக்கு ஒன்பது வயசு. அவன் அந்த எண்களைப் பார்த்துப் பார்த்துப் போனில் தட்டினான்.

‘மாமா, இந்த பீன்ஸ் டின் சைனாவுல இருக்கு.’

‘ஆமாடா, சைனாவுலதான் பண்றாங்க.’

‘இல்ல மாமா. இந்த இடமே சைனாவுல இருக்கு.’

வாங்கிப் பார்த்தேன். டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஈ. மேற்கே இருக்க வேண்டிய காடு கிழக்கே போய், சீனாவின் வடகிழக்கு மூலையில் விழுந்திருந்தது. பாளையங்கோட்டைக்காரனுக்குத் தீர்க்கரேகை என்றால் 77 டிகிரி கிழக்கு. பூமியில் மேற்கு என்று ஒரு திசை இருப்பது என் விரலுக்குத் தெரியவில்லை. பளபளவென்று ஒரு நாணயம். அதன் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது.

ராத்திரி ஒன்பது மணி. அங்கே மறுநாள் பகல். அத்தான் டெலிபோனில் பேசினார். ரொம்பப் பணிவாகப் பதில் சொன்னார்கள்: நூறும் இன்னும் அடிக்கவில்லை, திருத்தலாம். ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட படத்தில் ஈதான் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் புது அச்சு, 90 டாலர்.

அன்றைய கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். என் கட்டுரைக்கு என்ன தருகிறார்கள் என்பதை இந்தப் பத்திரிகையிலேயே எழுதுவது நாகரிகமில்லை. ஆறாயிரம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

காமர்ஸில் ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒரு வசதி உண்டு. இடம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைக்கலாம். எனக்கு இடம் நன்றாகவே தெரியும். இருந்தாலும், ‘அத்தான், தயாரிப்பாளர் தப்புன்னு சொல்லிடலாமே. படிவத்தை யார் பாக்கப் போறா?’ என்றேன்.

அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அவங்க தப்புன்னா அவங்ககிட்ட இருந்து காசு வாங்கித் தரணும்லா. நீ எங்க போயி வாங்குவ?’ என்றார். ‘எழுத்துப் பிழை, 90 டாலர்னு எழுது மாப்ளே. கீழ நம்ம ரெண்டு பேர் பேரையும் போடு. நானும்தானே ஒப்புதல் குடுத்தேன்.’

பேரைப் போட்டு எழுதுவதுதான் என் தொழில். அன்றைக்கு எழுதிய அந்த ஒரு வரிக்கு ஆன நேரம் வேறெதற்கும் ஆனதில்லை.

2020 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சிற்றுண்டிக் கடையில் விநியோகம். டபிள்யூ போட்ட நாணயங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின. கூடவே ஆளுக்கு ஒரு கணக்குத்தாள். வரவு 1000. செலவு 1010. தபால் பெரியவர் நாணயத்தைப் பையில் போட்டுவிட்டுத் தாளை எடுத்தார். கண்ணாடி போட்டார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. 90-ல் நின்றது.

‘இது யார்?’

கிளாஸில் எழுந்து நிற்பதுபோல் கையைத் தூக்கினேன். பாளையங்கோட்டை, 77 டிகிரி எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். ‘அந்தப் படத்தைப் பார்த்த பதினோரு பேரில் நானும் ஒருத்தன்’ என்றார். பிறகு அத்தானைப் பார்த்து, ‘அடுத்த தடவை விலையைப் பதினொன்றாக வை’ என்றார்.

அடுத்த தடவை! அத்தானின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருந்ததே நல்லது.

துண்டு விழுந்த பத்து டாலரை நான் போட்டேன். அத்தான் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். தடுக்கவில்லை.

தமிழில் காசுக்கும் நாணயம் என்றுதான் பேர், யோக்கியதைக்கும் நாணயம் என்றுதான் பேர். காரணத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆபீஸ் வசூல் அப்பாவிகளுக்கு என் அனுபவத்தில் மூன்று வார்த்தை: காசு வந்த பிறகு ஆளை எண்ணுங்கள். அடக்கத்துக்கு மேல் கொஞ்சம் வையுங்கள், வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு வையுங்கள். தப்பு நடந்தால் அதற்கும் கணக்கில் ஒரு வரி ஒதுக்குங்கள், பேரோடு.

வசூலுக்கு அகப்படுகிறவர்களுக்கு ஒரே வார்த்தைதான். அந்த வெள்ளைத்தாள் உங்கள் மேஜைக்கு வரும்போது பின்வாசலைத் தேடாதீர்கள். தமிழில் ஈ என்றால் பறப்பது மட்டுமில்லை, ‘கொடு’ என்றும் அர்த்தம்.