நம்ம ஊர் காரைச் சுமக்கும் மாலுமிகள்

மறைமலை நகரில் கடல் இல்லை. கிழக்கே கோவளம் கடற்கரை, நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 25 கிலோமீட்டர். ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் முடுக்கிய நட்டும் போல்ட்டும் அமெரிக்கா வரை கடல் தாண்டிப் போயிருக்கின்றன. 2022 வரை இங்கிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் தயாரான எக்கோஸ்போர்ட் கார்கள், கப்பலேறி அமெரிக்கச் சாலைகளில் ஓடின.

பக்கத்து ஊர்களிலும் இதே கதைதான். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையின் ஏற்றுமதி, 2020 ஜனவரியிலேயே 30 லட்சம் காரைத் தாண்டிவிட்டது. ஒரகடத்தில் தயாரான நிசான் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாகப் பல நாடுகளுக்குப் போயின. காரை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான டிரெய்லர் லாரிகளைப் பார்க்காத குழந்தை இந்த வட்டாரத்தில் இருக்காது.

ஆனால், துறைமுக கேட்டைத் தாண்டிய பிறகு அந்தக் காரை யார் கொண்டுபோகிறார்கள்? இருபது, இருபத்தைந்து மாலுமிகள். காரைச் செய்தவரும் வாங்குபவரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

மிதக்கும் கார் பார்க்கிங்

கார் ஏற்றும் கப்பலைத் துறைமுகத்தில் 'ரோரோ' கப்பல் என்பார்கள். கிரேன் தேவையில்லை. கப்பலின் பின்பக்கத்தில் உள்ள பெரிய கதவு, சாய்தளமாகக் கரையில் இறங்கும். டிரைவர்கள் வரிசையாகக் காரை ஓட்டிக்கொண்டே உள்ளே போவார்கள். நிறுத்திவிட்டு ஒரு வேனில் ஏறிக் கரைக்குத் திரும்பி, அடுத்த காரை எடுப்பார்கள்.

உள்ளே, ஷாப்பிங் மால் பார்க்கிங் போலப் பத்துப் பன்னிரண்டு தளங்கள். பெரிய கப்பலில் 6,000 முதல் 8,000 கார் வரை நிற்கும். இந்தக் கணக்குக்கு ஓர் அளவுகோல் உண்டு. 1966-ம் வருடத்து டொயோட்டா கொரோனா கார் எவ்வளவு இடத்தை அடைக்குமோ, அதுதான் 'ஒரு கார்'. அந்த மாடல் தெருவிலிருந்து மறைந்தே போனாலும், கப்பல் கணக்கில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இரண்டு காருக்கு நடுவே விடும் இடைவெளி, பக்கவாட்டில் ஒரு சாண் கூட இருக்காது. ஒவ்வொரு காரையும் பெல்ட் போட்டுத் தளத்தில் உள்ள துளைகளில் இழுத்துக் கட்டுவார்கள். பயணம் முழுக்க மாலுமிகள் டார்ச் லைட்டோடு தளம் தளமாக நடந்து, எந்த பெல்ட்டாவது தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புயலில் ஒரு கார் அவிழ்ந்தால், பக்கத்தில் உள்ளவற்றையும் இடித்து நொறுக்கிவிடும்.

ஒரு கணக்குப் பிழை

கார் கப்பலை வெளியிலிருந்து பார்த்தால் உயரமான பெட்டி போல இருக்கும். தண்ணீருக்கு மேலே தெரியும் பகுதி அதிகம். அதனால் அடியில் உள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிச் சமநிலையைக் காக்க வேண்டும். எந்தத் தளத்தில் எவ்வளவு எடை, எந்தத் தொட்டியில் எவ்வளவு நீர் என்ற கணக்கு சீஃப் ஆஃபீஸரின் பொறுப்பு.

அந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை 2019 செப்டம்பர் 8-ம் தேதி 'கோல்டன் ரே' காட்டியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் துறைமுகத்திலிருந்து சுமார் 4,000 வாகனங்களோடு கிளம்பிய அந்தக் கப்பல், கடலைத் தொடுவதற்குள் ஒரு திருப்பத்தில் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. இன்ஜின் பகுதியில் நான்கு பேர் சிக்கிக்கொண்டார்கள். மறுநாள், கப்பலின் இரும்புத் தகட்டில் துளை போட்டு அவர்களை உயிரோடு மீட்டார்கள். கப்பலில் இருந்த 24 பேரும் பிழைத்தார்கள். தொட்டி நீரின் அளவைத் தவறாகப் பதிவு செய்ததால் வந்த வினை என்றது விசாரணை அறிக்கை.

தீயும் துப்பாக்கியும்

மாலுமிகள் இன்னும் அதிகமாக அஞ்சுவது தீயை. நெருக்கி நிறுத்திய ஆயிரக்கணக்கான கார்களுக்கு நடுவே புகை எழுந்தால், அருகே போகவே வழி இருக்காது. தளத்தைக் காற்றுப் புகாமல் மூடி, கரியமில வாயுவைச் செலுத்துவதுதான் முறை. அதற்கு முன் உள்ளே யாரும் இல்லை என்று தலை எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

2023 ஜூலையில் நெதர்லாந்து கடலோரத்தில் 'ஃப்ரீமேன்டில் ஹைவே' கப்பல் தீப்பிடித்தது. உள்ளே சுமார் 3,800 கார்கள். 23 ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தீயின் வேகம் தாங்காமல் சிலர் கப்பலின் உயரத்திலிருந்து கடலில் குதித்தார்கள். ஓர் இந்திய மாலுமி இறந்துபோனார். கார்களின் மதிப்பு பற்றி உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. இந்தியாவில் ஒரு வீட்டில் அன்று துக்கம்.

2025 ஜூனில் அலாஸ்கா அருகே பசிபிக் கடலில் 'மார்னிங் மிடாஸ்' கப்பலில் தீ. சுமார் 3,000 வாகனங்களோடு கப்பல் மூழ்கியது. ஆனால் 22 பேரும் உயிர்ப் படகில் இறங்க, அந்தப் பக்கம் வந்த ஒரு சரக்குக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. ஆபத்தில் இருப்பவரைக் கண்டால் பாதையை மாற்றிப் போய்க் காப்பாற்றுவது கடலில் சட்டம். சட்டம் வருவதற்கு முன்பே அது வழக்கம்.

தீ மட்டுமல்ல. 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' என்ற கார் கப்பலை ஹூதி படையினர் ஹெலிகாப்டரில் இறங்கிக் கைப்பற்றினார்கள். அதில் இருந்த 25 மாலுமிகளுக்கும் அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை. 2025 ஜனவரி 22 அன்றுதான் விடுதலை. 430 நாள். அந்தத் தாக்குதல்களுக்குப் பிறகு பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்குப் பத்து நாளுக்கும் மேல் கூடுதல் பயணம். அத்தனை நாளும் மாலுமிக்கு வீடு தள்ளிப் போகிறது.

பிள்ளையைக் கடலுக்கு அனுப்பும் முன்

இதையெல்லாம் படித்துவிட்டு 'கப்பல் வேலையே வேண்டாம்' என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. முறையான நிறுவனத்தில் நல்ல சம்பளம் உண்டு; உலகம் பார்க்கலாம். ஈ.சி.ஆர். சாலையில் உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008 முதல் இயங்குகிறது. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவர், ஜி.எம்.இ. என்ற ஒரு வருடப் பயிற்சி முடித்துக் கப்பல் இன்ஜினீயராகும் வழியில் போகலாம். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஜி.பி. ரேட்டிங் பயிற்சி இருக்கிறது.

ஏமாறும் இடம் வேறு. 'அஞ்சு லட்சம் கொடுங்க, அடுத்த மாசம் துபாயில் கப்பல் ஏத்திடறோம்' என்று சொல்லும் ஏஜென்ட்டிடம்தான். நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோர் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, மாலுமியை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது, வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வசூலிக்கவே கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பணம் கேட்டாலே சந்தேகப்படலாம்.

மூன்றாவது, கப்பலின் பெயர், சம்பளம், எத்தனை மாதம் என்ற விவரங்களோடு ஒப்பந்தம் கையில் வந்த பிறகே விமானம் ஏற வேண்டும். அதன் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

இது வீண் பயம் இல்லை. 2024-ல் மட்டும் 300-க்கும் அதிகமான கப்பல்களில் 3,000-க்கும் மேற்பட்ட மாலுமிகளை முதலாளிகள் கைவிட்டதாக சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கெடுத்தது. சம்பளம் இல்லை, சாப்பாடும் டீசலும் தீர்ந்துவிடும், ஊர் திரும்ப டிக்கெட் இல்லை. அப்படித் தவித்தவர்களில் இந்தியர்களே அதிகம். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே அது 'கைவிடப்பட்ட' நிலை என்கிறது சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம். நான்கு மாதச் சம்பள பாக்கிக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் கப்பல் முதலாளி காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்தியா 2015-ல் இதை ஏற்றது. கப்பலில் இருக்கும் பிள்ளை போனில் 'ரெண்டு மாசமா சம்பளம் வரலைம்மா' என்று சொன்னால், பொறுத்துப் பார்க்காமல் அன்றே கப்பல் துறை இயக்குநரகத்தில் புகார் பதிவு செய்யலாம்.

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2029 முதல் இன்ஜின் தயாரிக்கத் திட்டம் என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அந்த இன்ஜின்கள் கடல் கடக்கும் நாளில் அந்தக் கப்பலில், இதே ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போன ஒரு பையனோ பெண்ணோ நள்ளிரவு டியூட்டியில் இருக்கலாம். போனில் சிக்னல் கிடைத்ததும் முதல் அழைப்பு வீட்டுக்குத்தான் வரும். அம்மா கேட்கப்போகும் முதல் கேள்வியும் தெரிந்ததுதான்: "சாப்பிட்டியாப்பா?"