நிலத்துக்கு 12 வருஷம், மனுஷனுக்கு?

போன வாரம் கடலைக்காய் பிடுங்கினோம். இருபது வருஷமா எங்க காட்டுக்கு வேலைக்கு வர்ற ஒரு அம்மிணி அன்னிக்கு வரலை. முகாம்ல ஆள் கணக்கெடுக்கற நாளாம். 1990ல, எட்டு வயசுல, மன்னார்ல இருந்து படகுல வந்தவங்க. மகன் இங்கதான் பொறந்தான். இன்ஜினியரிங் முடிச்சுட்டு இப்போ பெயிண்ட் அடிக்கப் போறான். பாஸ்போர்ட் கிடைக்காது, அரசு வேலைக்கும் எழுத முடியாது.

இதைச் சொன்னதும் டவுன்ல இருக்கற என் மச்சான் பையன் கேட்டான்: "யாரை உள்ள விடணும்னு முடிவு பண்ற உரிமை நாட்டுக்கு இருக்கு மாமா. நீங்க தோட்டத்துக்கு வேலி போடலையா?"

போட்டிருக்கேன் மாப்பிள்ளை. வர்றவங்க எல்லாரையும் விட்டுடணும்னு நானும் சொல்லலை. ஆனா ஆளை நிறுத்தறதுன்னா வாசல்ல நிறுத்தணும். உள்ள விட்டு, இடம் குடுத்து, வேலையும் வாங்கிட்டு, 35 வருஷம் கழிச்சு 'நீ வெளியாள்'னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

நிலத்துக்கு என்ன சட்டம் தெரியுமா? அடுத்தவன் நிலத்தை ஒருத்தன் எல்லாருக்கும் தெரியற மாதிரி, விடாம 12 வருஷம் அனுபவிச்சா, அதை மீட்கக் கேஸ் போடற உரிமையே உடமைக்காரனுக்குப் போயிடும். அரசு நிலம்னா 30 வருஷம். அனுபவ பாத்தியம்னு சொல்லுவோம். ஆக்கிரமிச்சவனுக்கே காலம் உரிமை குடுக்குது.

அனுமதியோட இருந்தவனுக்கு அது செல்லாதுன்னு வக்கீல் சொல்லுவார். வாஸ்தவம்தான். அப்போ இவங்க அனுமதியோட இருக்கறவங்கன்னு ஒத்துக்கோங்க. அரசாங்கமே பதிவு பண்ணி, அட்டை குடுத்து, மாசாமாசம் உதவித்தொகையும் குடுக்குது. ஆனா குடியுரிமை கேட்டா மட்டும், பேப்பர் இல்லாம வந்த 'சட்டவிரோதக் குடியேறி'ங்குது. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க சாமி.

1987 ஜூலை 1க்கு முன்னாடி இங்க பொறந்திருந்தா அந்தப் பையன் இந்தியன். அதுக்கப்புறம் பொறந்ததால அப்பா அம்மா யாருன்னு பார்க்குது சட்டம். படகுல ஏறினது அவன் இல்லையே!

கதவைத் திறக்கவே முடியாதுன்னும் சொல்ல முடியாது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்துல இருந்து 2014 டிசம்பர் 31க்குள்ள வந்த ஆறு மதத்துக்காரங்களுக்கு 2019ல சட்டத்தைத் திருத்தினாங்க. பேப்பர் இல்லாம வந்திருந்தாலும் பரவாயில்லைன்னாங்க. அந்தப் பட்டியல்ல இலங்கை இல்லை.

திரும்பிப் போறேங்கறவங்களை மரியாதையா அனுப்பி வைங்க. இங்கயே இருக்கறேங்கறவங்களுக்குக் குடியுரிமை குடுங்க. வேலி அதுக்கப்புறமும் அங்கயேதான் இருக்கும்.

உங்க அபார்ட்மெண்ட் சுவருக்கு அடுத்த தடவை பெயிண்ட் அடிக்க வர்ற பையன்கிட்ட எந்த ஊர் தம்பின்னு கேட்டுப் பாருங்க. முகாம் பேரைச் சொன்னான்னா, என்ன படிச்சிருக்கேன்னும் கேளுங்க.