கையெழுத்து போட மட்டும்தானா பெற்றோர்? பள்ளி மேலாண்மைக்குழு: ஒரு அலசல்

சென்னை:

பள்ளிக்கூடத்துல இருந்து போன் வருது. கூட்டத்துக்கு போனா அரைநாள் கூலி போச்சு. போகலைன்னா புள்ள மூஞ்சி தொங்கிப்போகுது. அரசு தொடக்கப்பள்ளியில் பிள்ளை படிக்கும் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. அப்படி போய்த்தான் என்ன ஆகப்போகுது?

சட்டம் என்ன சொல்கிறது?

2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமை சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அரசு பள்ளிகளில் மேலாண்மைக்குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் 4-ல் 3 பங்கு பேர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப்பேர் பெண்கள்.

பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, வளர்ச்சி திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படி செலவானது என்று கண்காணிப்பது ஆகியவை இந்த குழுவின் வேலை. கழிப்பறையில் தண்ணி வரலைன்னு கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. உரிமை.

தமிழகத்தில் 2022-ல் இந்த குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-ல் மீண்டும் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

எங்கே இடிக்கிறது?

முதல் சிக்கல் நேரம். வேலைநாளில் கூட்டம் வைத்தால் சித்தாள் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் போகிற அம்மாக்கள் எப்படி வருவார்கள்? 2022 மார்ச் 20-ந்தேதி மாநிலம் முழுவதும் அரசு பள்ளிகளில் நடந்த பெற்றோர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வைக்கப்பட்டது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது பயம். 'டீச்சருக்கு தெரியாததா நமக்கு தெரியும்?' என்ற தயக்கம். கேள்வி கேட்டால் பிள்ளை மேல காட்டிடுவாங்களோ என்ற கவலை. அதனால் பல பேர் நோட்டை நீட்டியதும் என்ன எழுதியிருக்குன்னு பார்க்காமலே கையெழுத்து போட்டு கிளம்பி விடுகிறார்கள். கூரை ஒழுகுது, ஆனால் தீர்மான நோட்டில் அது இல்லைன்னா யாரை குறை சொல்வது?

வீட்டில் 10 நிமிடம்

8 வயதுக்குள் எல்லா பிள்ளைகளும் பிழையில்லாமல் படிக்க, எழுத, அடிப்படை கணக்கு போட வேண்டும் என்பதற்காகத்தான் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அது நடந்திருக்கா என்று பார்க்க பெரிய படிப்பு தேவையில்லை.

ராத்திரி சோறு ஆக்கும்போது, "புத்தகத்தை எடுத்து சத்தமா படிடா" என்றால் போதும். பிள்ளை திக்குதா, மனப்பாடமா ஒப்பிக்குதா என்பது எழுத்து தெரியாத அம்மாவுக்கும் தெரிந்துவிடும். மறுநாளே டீச்சரிடம் சொல்லணும். 5-ம் வகுப்புக்கு வந்தபிறகு தெரிந்தால், பிடிக்கிறது கஷ்டம்.

அடுத்த கூட்டத்தில் 2 விஷயம் கேளுங்கள். ஒன்று, கூட்டத்தை சாயங்காலமோ, லீவு நாளிலோ வையுங்கள் என்பது. இன்னொன்று, தீர்மானத்தை சத்தமாக படித்து காட்டுங்கள் என்பது. கையெழுத்து அதுக்கு அப்புறம்தான்.