கோமாரி ஊசி: பக்கத்து கட்டுத்தரை மாட்டுக்குப் போடாவிட்டால் நம் மாட்டுக்கு என்ன ஆகும்?

காலையில் பால் கறந்து முடித்து, கேனை சொசைட்டிக்கு அனுப்பிய பிறகு அந்த வேலை தொடங்கும். கால்நடை மருந்தகத்தில் இருந்து ஐஸ் பெட்டியுடன் ஆட்கள் வருவார்கள். மாடுகள் வரிசையாகக் கட்டப்படும். கழுத்தில் ஒரு ஊசி, காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் நிற வில்லை, செல்போனில் ஒரு பதிவு. கோவை, திருப்பூர், ஈரோடு கிராமங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கோமாரி தடுப்பூசி முகாம் இதுதான்.

ஆனால் எல்லா மாடும் அந்த வரிசைக்கு வருவதில்லை. "இப்பத்தான் கன்னு போட்டிருக்குதுங்க, ஊசி போட்டா பால் கொறஞ்சுரும்", "சினையா இருக்குதுங்க, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று சில மாடுகள் கட்டுத்தரையிலேயே நின்றுவிடும். போட்டவர்களோ, "நம்ம மாட்டுக்குப் போட்டாச்சு, அடுத்தவங்க போடாட்டி நமக்கென்ன?" என்று கிளம்பிவிடுவார்கள்.

இரண்டு பேச்சிலும் ஒரே ஓட்டைதான் இருக்கிறது.

கொரோனா காலத்தில் டிவியில் அடிக்கடி அடிபட்ட 'மந்தை எதிர்ப்பாற்றல்' என்ற சொல் நினைவிருக்கலாம். மனிதர்களைப் போய் மந்தை என்கிறார்களே என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். உண்மையில் அது மாட்டுக் கொட்டகையில் பிறந்த சொல். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மாடுகளுக்குத் தொற்றால் கரு கலையும் நோய் (இன்று புருசெல்லோசிஸ் எனப்படுவது) பெரிய தலைவலியாக இருந்தது. கரு கலைந்த மாட்டை உடனே விற்றுவிட்டு, புது மாடு வாங்கிக் கட்டுவதே வழக்கம். ஜார்ஜ் பாட்டர் என்ற கால்நடை மருத்துவர் இதைத் தவறு என்றார். நோய் கண்டு தேறிய மாட்டுக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் கன்றுகளை வளர்த்து மந்தையைப் பெருக்குங்கள். வெளியிலிருந்து மாடு பிடித்து வராதீர்கள் என்பதுதான் அவர் யோசனை. 1916-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் சக மருத்துவர் அடால்ஃப் ஐக்ஹார்னும் எழுதியவற்றில்தான் இந்தக் கருத்து உருப்பெற்றது.

வெளியிலிருந்து மாடு பிடித்து வராதே என்ற அந்த யோசனையைக் கொங்கு நாட்டில் சொல்லிப் பார்த்தால் சிரிப்பார்கள். பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் மாடு கேரளாவுக்குப் போகிறது. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குக் கர்நாடகத்தில் இருந்தும் ஆட்கள் வந்து போகிறார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, சித்திரையில் காங்கேயம் காளைகளுக்குப் பேர் போன கண்ணபுரம் சந்தை. இங்கே ஒரு மாடு வாழ்நாளில் நாலு கட்டுத்தரை மாறுவது சாதாரணம்.

எத்தனை மாட்டுக்குப் போட்டால் போதும்?

கோமாரி வைரஸ் எச்சில், பால், சாணம், மூச்சுக்காற்று எல்லாவற்றிலும் வெளியேறும். மாட்டை ஏற்றி வந்த வண்டியின் டயர், பால் கறப்பவரின் கை, ஒரே நாளில் பத்து கட்டுத்தரைக்குப் போய்வரும் தரகரின் செருப்பு என எதில் ஒட்டினாலும் அடுத்த ஊருக்குப் போய்விடும். வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வருவதற்கு முன்பே மாடு வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடும் என்பதுதான் மோசம். சந்தையில் பளபளவென்று நிற்கும் மாட்டைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு கணக்குக்காக, நோய் கண்ட ஒரு மாடு சராசரியாக 5 மாடுகளுக்குப் பரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 5-ல் 4 மாடுகளுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், ஒரு மாட்டில் இருந்து இன்னொரு மாட்டுக்கு மட்டுமே நோய் போகும். அதற்கு மேல் பெருகாது. நாலு பங்குக்குக் கொஞ்சம் கூடினாலும் நோய் அணையத் தொடங்கும். கோமாரிக்குக் குறைந்தது 80 சதவீதம் என்று பொதுவாகச் சொல்லப்படும் இலக்கின் அடிப்படை இதுதான்.

100 மாடுகள் உள்ள ஊரில் 85-க்கு ஊசி போட்டாயிற்று என்றால் தாண்டிவிட்டோமா? இல்லை. ஊசி போட்ட எல்லா மாட்டுக்கும் எதிர்ப்பாற்றல் வந்துவிடாது. மெலிந்த மாடு, வயிற்றில் புழு நிறைந்த மாடு, ஐஸ் பெட்டியில் குளிர் குறைந்து வீரியம் போன மருந்து என்று பத்து மாடு கழிந்தால் மீதி 75. அடுத்த ஆறு மாதத்தில் புதிதாகக் கன்றுகள் பிறக்கும். நாலைந்து மாடு சந்தைக்குப் போய், ஊசி போடாத நாலைந்து வந்து சேரும். போட்ட மாடுகளிலும் எதிர்ப்பாற்றல் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வரும். முகாம் நாளில் பதிவான சதவீதத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போக வேண்டும்.

கன்று விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் கன்றுக்கு வந்துவிடும். சில மாதங்களுக்கு அதுதான் கவசம். ஆனால் அதே கவசம், சீக்கிரமே போடும் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால்தான் நாலு மாதம் ஆகட்டும் என்கிறார்கள் டாக்டர்கள். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இன்னொன்று போட வேண்டும். பல வீடுகளில் இந்த இரண்டாவது ஊசிதான் மறந்துபோகிறது.

ஊசி போட்டால் மாட்டுக்கு ஒவ்வாமை வருமா?

வரலாம். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. கோமாரி மருந்தில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதனால் நோய் வராது. ஆனால் வைரஸை வளர்க்கப் பயன்பட்ட செல்களின் புரதம் துளியளவு மருந்தில் தங்கியிருக்கும். திரும்பத் திரும்ப ஊசி போடும்போது அரிதாகச் சில மாடுகளின் உடல் அந்தப் புரதத்தை எதிரியாக நினைத்துக்கொள்ளும். அடுத்த ஊசியில் ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்கள் ஒரேயடியாகக் கொட்டும். மாடுகளில் முதல் அடி நுரையீரலுக்கு. மூச்சிரைப்பு, நுரை தள்ளுதல், இமை வீக்கம், தோலில் தடிப்பு எல்லாம் சில நிமிடங்களில் இருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தெரியும். உடனே அட்ரினலின் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஊசி போட்டதும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடாமல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது இதற்காகத்தான். வீட்டுக்குப் போன பிறகு வந்தால் 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண் இருக்கிறது.

(ஒவ்வாமைக்கு ஊசிதான் வேண்டும் என்றில்லை. தன் பாலுக்கே ஒவ்வாமை வரும் மாடுகள் உண்டு. கறக்காமல் விட்டு மடி கனத்துப்போனால், பால் புரதம் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் தடித்துவிடும். ஜெர்சி இனத்தில் இது கூடுதல். கறந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.)

பால் குறைவதும் உண்மைதான், ஓரிரு நாளைக்கு. ஊசி போட்ட இடத்தில் வீக்கம், லேசான காய்ச்சல், தீனி எடுப்பதில் சுணக்கம் எல்லாம் உடல் வேலை செய்வதன் அறிகுறி. நிறைமாதச் சினைக்கு மட்டும் தள்ளிப்போடச் சொல்வதுண்டு. சினை என்ற ஒரே காரணத்துக்காக எல்லா மாட்டையும் விலக்க வேண்டியதில்லை.

இதை எதனோடு ஒப்பிட வேண்டும்? கோமாரி வந்த கலப்பின மாட்டோடு. வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஈற்றுக்குப் பழைய பால் திரும்பாது. சில மாடுகள் அதன்பிறகு வெயில் தாங்காமல் மூச்சிரைத்துக்கொண்டே காலம் தள்ளும். கன்றுகளுக்கோ இதயத் தசையே பாதிக்கப்பட்டு திடீரெனச் சாகும். 2013-ல் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கோமாரி சுழன்றடித்தபோது இதெல்லாம் நேரில் நடந்தது. காங்கேயம் போன்ற நாட்டு மாடுகளுக்கு நோயின் கடுமை குறைவு. ஆனால் லேசாக வந்த மாடும் பரப்பத்தான் செய்யும்.

பெரியம்மையை ஒழித்தோமே, மாட்டில் முடியாதா?

முடிந்திருக்கிறது. வெக்கை நோய் என்ற மாட்டுக் கொள்ளைநோய் இந்தியாவில் கடைசியாக 1995-ல் பதிவானது. 2011-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த ஒரே நோய் அது. ஆனால் அங்கே வேலை சுலபம்: ஒரே ஊசி, ஏறக்குறைய வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு. கோமாரியில் ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகை வைரஸ்கள் இங்கே திரிகின்றன. ஒன்றுக்கு எதிரான ஆற்றல் இன்னொன்றைத் தடுக்காது. மூன்றையும் சேர்த்தே மருந்து தயாரிக்க வேண்டும், அதுவும் ஆறே மாதம்.

எல்லாத் தடுப்பூசியும் பரவலைத் தடுத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த மாரெக்ஸ் நோய் இதற்கு உதாரணம். அதன் தடுப்பூசி கோழியைச் சாகாமல் காக்கும். வைரஸ் பரவுவதை முழுதாக நிறுத்தாது. ஊசி போட்ட கோழிகள் உயிரோடு இருந்து, மிகக் கொடிய வகை வைரஸையும் நீண்ட நாள் பரப்பின என்று 2015-ல் ஆண்ட்ரூ ரீட் குழுவின் ஆய்வு காட்டியது. கோமாரி ஊசியும் நூறு சதவீதக் கவசம் இல்லைதான். ஆனால் போட்ட மாடு வெளியேற்றும் வைரஸின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். பக்கத்து கட்டுத்தரைக்குக் கிடைக்கும் லாபம் அங்கே இருக்கிறது.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரிக்கும் புருசெல்லோசிஸுக்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய் ஒதுக்கி, 2030-க்குள் கோமாரியை ஒழிப்பதை இலக்காக வைத்தது. விவசாயிக்கு ஊசி இலவசம். ஆனால் இந்தத் திட்டத்தின் பலவீனம் முகாமில் இல்லை, சந்தையில் இருக்கிறது. ஊசி போட்டு ஓரிரு வாரம் ஆன பிறகுதான் எதிர்ப்பாற்றல் உருவாகும். நேற்று போட்டு இன்று சந்தைக்கு ஓட்டிவந்த மாடு, போடாத மாட்டுக்குச் சமம்.

அதனால் மாடு வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு, காதில் உள்ள வில்லை எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். கடைசியாக எப்போது ஊசி போட்டது என்ற பதிவு அந்த எண்ணில் இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். பிடித்து வந்த மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டி, தனி வாளியில் தண்ணீர் காட்டி, மற்ற மாடுகளைக் கறந்த பிறகே அதைக் கறக்க வேண்டும். தோட்டத்தில் இடம் இருப்பவர்களுக்கு இது சுலபம். ஒரே கட்டுத்தரையில் இரண்டு மாடு கட்டிப் பிழைக்கும் வீட்டில் அந்த மூன்றாவது மாட்டை எங்கே கட்டுவது என்பதற்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை.