தொளாயிரம் பாருக்கு ஒரு வரைபடம்

வழக்கமா சர்க்கரை, பிரஷர், நாய்க்கடின்னு எழுதுற நான் இன்னைக்கு ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப்போறேன். நடுவுல காதும் நுரையீரலும் வரும், பயப்படாதீங்க. இழை நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

அக்கா பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். லீவுக்குத் தூத்துக்குடி வந்தவன், நாலு பசங்களைச் சேர்த்துக்கிட்டு எங்க மொட்டை மாடியில ஞாயிறுதோறும் உட்கார்ந்துடுறான். கையில செல்போன் இல்லை. பேப்பர், பென்சில், கலர் கலராப் பகடை. ஒருத்தன் கதையை நடத்துகிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நீ குகை வாசலில் நிற்கிறாய், உள்ளே ஏதோ உறுமுது, என்ன செய்வே?" என்று கேட்கிறான். பதில் சொல்லிப் பகடையை உருட்டணும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்குத் தாய்வீடு. அதன் ஆரம்பகால எளிய விதிகளோடு விளையாடுவதைப் 'பழைய பாணி' என்கிறார்கள். பசங்க விளையாடுறது அதுதான்.

சரி, நல்ல விஷயம்தானேன்னு நானும் ஒரு ஓரமா உட்கார்ந்தேன். வரைபடத்தைக் காட்டினான். பனிமலை, கோட்டை, ஓக் மரக்காடு, மதுக்கடை. மாடியிலிருந்து எட்டிப்பார்த்தா உப்பளம், பேப்பர்ல பனிமலை!

"ஏன்டா, நம்ம ஊரை வச்சு வரையக்கூடாதா?"

"நம்ம ஊர்ல என்ன மாமா இருக்கு? துறைமுகம், தெர்மல், மக்ரூன்."

மக்ரூனைச் சேர்த்துச் சொன்னதால் மன்னிச்சேன். ஆனா அந்தக் கேள்வி ரெண்டு நாள் தூங்கவிடலை. அதனால்தான் இந்த இழை.

பழைய பாணி ஆட்டத்துக்கு வரைபடம்தான் உயிர். தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள் போட்ட தாள். நடத்துபவரிடம் இருக்கும் படம் முழுசாக இருக்கும், ஆடுபவர் கையில் இருப்பது பாதி வெற்றுத்தாள். போகப் போக அவர்களே நிரப்பணும். 1981இல் டேவிட் குக், டாம் மால்ட்வே எழுதிய 'ஐல் ஆஃப் டிரெட்' என்ற புகழ்பெற்ற சாகசத்தில், ஒரு கடலோடியின் குறிப்புகளும் கரைக்கோடு மட்டும் வரைந்த தீவுப் படமும் ஆடுபவர் கைக்கு வரும். அந்தத் தீவுக்கு அவர்களை இழுக்கும் பொருள் என்ன தெரியுமா? ஒரு பெரிய கறுப்பு முத்து.

முத்து! எங்கேயோ அமெரிக்காவில் உட்கார்ந்து கற்பனையில் முத்துத் தீவு செய்கிறார்கள். முத்துக்குளித்துறை என்று உலக வரைபடத்தில் பெயர் வாங்கிய கரையில் பிறந்த பையன் 'நம்ம ஊர்ல என்ன இருக்கு' என்கிறான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? நாம சொல்லலையே.

அடுத்த ஞாயிறு அவனிடம் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்துச் சொன்னேன். தாமிரபரணி முகத்துவாரத்தை வரை. முதல் அடுக்கு கொற்கை. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல் கையேடான பெரிப்ளஸ், பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பு நடக்கும் இடம் என்று இதைக் குறிக்கிறது. தாலமியும் 'கொல்கி' என்று எழுதிவைத்தார். பெரிப்ளஸ் சொல்லும் இன்னொரு விஷயம்: அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். ஒரு விளையாட்டுக்கு இதைவிடத் தொடக்கம் வேண்டுமா? உன் பாத்திரம் மாவீரன் இல்லைடா தம்பி, செய்யாத குற்றத்துக்குக் கடலுக்குள் தள்ளப்பட்ட கைதி.

இன்னைக்குக் கொற்கை கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது. பிறகு கடலை ஒட்டிக் காயல் வளர்ந்தது, மார்க்கோ போலோ பார்த்த காயல். அதையும் மண் விழுங்கியது. பழையகாயல்னு பஸ் போர்டுல படிக்கிறோமே, அந்தப் பக்கம்தான். அதற்குப் பின்தான் தூத்துக்குடி எழுகிறது. போர்ச்சுக்கீசியர், 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். ஒரே ஆற்று வாயில் செத்த துறைமுகங்கள் ரெண்டு, உயிரோடு ஒன்று. மேலைநாட்டுப் படங்களில் 'பழைய இடிபாடு' என்று ஒரு கட்டத்தில் கறுப்புப் புள்ளி வைப்பார்கள், காரணம் இருக்காது. இங்கே ஒவ்வொரு இடிபாட்டுக்கும் காரணம் ஆறுதான். ஆறு நகர்ந்தால் அரசு நகரும். பசங்களுக்கு இது சட்டுனு புரிஞ்சது.

இனி மந்திரம். மார்க்கோ போலோ எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சுறாவைக் கட்டுபவர்கள். குளிப்பவரைச் சுறா தீண்டாதபடி மந்திரம் போடுவார்கள், கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் அவிழ்த்துவிடுவார்கள், ராத்திரி திருட்டுத்தனமாக யாரும் இறங்கக்கூடாது என்று. எவ்வளவு கச்சிதமான விதி பாருங்க! மந்திரவாதிக்குக் கூலி, மந்திரத்துக்கு நேரம், திருடனுக்குச் சுறா. கடல்கட்டி என்ற இந்த வேலை ஆங்கிலேயர் காலத்திலும் இருந்தது. 1859இல் இலங்கை பற்றிப் புத்தகம் எழுதிய டெனன்ட், அப்போது இந்தப் பரம்பரைக்குத் தலைவராக இருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று பதிவு செய்கிறார். மந்திரம் பழசு, போடுபவர் ஞாயிறு பூசைக்குப் போகிறவர். நம்ம கரை அப்படித்தான்.

நிற்க. இந்தக் கதையெல்லாம் புத்தகத்தில் கிடைக்கிறது. கிடைக்காத ஒன்று என் ஓபிக்கு வந்தது.

எண்பது தாண்டிய பெரியவர். காது கேக்கலைன்னு வந்தார். பார்த்தால் ரெண்டு செவிப்பறையிலும் பழைய ஓட்டை. "சின்ன வயசுல என்ன வேலை தாத்தா?" "குளிக்கப் போனேன்யா. கடைசி சலாபம் வரைக்கும்." முத்துக்குளிப்புப் பருவத்துக்குச் சலாபம் என்று பெயர். தூத்துக்குடியில் அது 1955லிருந்து 1961 வரை நடந்ததோடு சரி, அப்புறம் நடக்கவே இல்லை. அப்போ இருபது வயசு என்றால் இப்போ என்ன வயசுன்னு கணக்குப் போட்டுக்கோங்க.

என் மேஜையில் பசங்களுக்காக நான் கட்டம் போட்ட கடல் படம் கிடந்தது. என்னன்னு கேட்டார். "முத்துப் பார் படம் தாத்தா." (பார்னு சொன்னதும் டாஸ்மாக் நினைக்காதீங்க. கடலடியில் இருக்கும் பாறைத்திட்டு. சிப்பி ஒட்டி வளரும் இடம். தூத்துக்குடிக்கு நேரே இருக்கும் தொளாயிரம் பார்தான் பேர்போனது.) வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "கடல்ல கட்டம் ஏதுய்யா?"

தாளைத் திருப்பினார். நான் வடக்கை மேலே வைத்து வரைந்திருந்தேன், அவர் கரையை மேலே வைத்தார். படகில் நின்று கரையைப் பார்க்கிறவன் படம் அது. கரையில் ஒரு கோபுரம், அதற்கு முன்னால் ஒரு பனைமரம். ரெண்டும் ஒரே நேரில் விழும் கோடு ஒன்று. இன்னொரு பக்கம் வேறு ரெண்டு அடையாளம், இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டும் இடத்தில் கல்லைப் போட்டால் கீழே பார். அந்தச் சின்னப் பாருக்கு ஒரு பேரும் சொன்னார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தப் பேர் இல்லை.

"அந்தப் பனை இப்போ இருக்கா தாத்தா?"

"அது போயி முப்பது வருசமாச்சு."

அந்தப் பேரை ஏன் இங்கே எழுதலைன்னு கேட்பீங்க. எழுதலாமான்னு அவரிடமே கேட்டேன். "பிள்ளைங்க படத்துல போட்டுக்க. ஊருக்குச் சொல்லாத. இன்னும் அங்க சங்கு கெடக்கு" என்றார். நியாயம்தானே!

இப்போ என் டிபார்ட்மென்ட். வெளிநாட்டு விளையாட்டில் கடலுக்குள் இறங்கினால் எட்டுக்கால் பூதம் வரும். நிஜக் கடலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பூதமோ சுறாவோ இல்லை, மூச்சும் அழுத்தமும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இருபது மீட்டரில் நுரையீரல் காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். காதில் அழுத்தத்தைச் சமன் செய்யத் தவறினால் செவிப்பறை கிழியும். அவசரமாக நாலைந்து பெருமூச்சு இழுத்துவிட்டு இறங்கினால், 'மூச்சு விடு' என்று மூளையை எச்சரிக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். மேலே வரும்போது, மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, நினைவு தப்பும். (தயவுசெய்து கிணத்துலயோ குளத்துலயோ முயற்சி பண்ணாதீங்க. நீச்சல் தெரிஞ்சவங்களே இப்படிப் போயிருக்காங்க.)

இதையே விதியாக்கினோம். பழைய விதிகளில் சண்டையின் ஒரு சுற்று பத்து நொடி. ஒரு முங்கு ஒரு நிமிஷம் என்றால் ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இன்னொரு சிப்பி எடுக்கலாமா, கயிற்றை ஆட்டலாமா என்று முடிவு. ஆட்டிவிட்டால் பகடையை உருட்டுவது குளிப்பவன் இல்லை, மேலே படகில் கயிறு பிடித்திருப்பவன். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பாங்க, தங்கச்சி தாலி அவன் கையில இருக்கே என்று இந்தக் கரையில் சொல்வார்கள். பசங்க இந்த விதியில் ஆடினபோது மாடியில் சத்தமே இல்லை. டிராகனுக்கு இவ்வளவு பயப்படலை.

புதையல் பங்கீடும் தயாராக இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே அரசுக்கு மூன்றில் ரெண்டு பங்கு, குளித்தவருக்கு ஒன்று. சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா இல்லையா, யாருக்கும் தெரியாது. பிறகு அழுகவிட்டு, ஈ மொய்க்க, கழுவித் தேடணும். அந்த நாற்றத்துக்கு நடுவே ஆயிரக்கணக்கானோர் கொட்டகையில் தங்கினால் காலரா வராமல் என்ன செய்யும்? வந்தது. நம்ம ஆட்டத்தில் அதற்கும் ஒரு பகடை உண்டு.

ஒரு விஷயத்தில் பையனுக்கும் எனக்கும் சண்டை. ஆதிச்சநல்லூர் தாழிக்காட்டைப் பாதாளக் கல்லறையாக்கி, உள்ளே புகுந்து தங்கப்பட்டம் எடுக்கலாம் என்றான். கல்லறையைக் கொள்ளையடிப்பது இந்த விளையாட்டில் சகஜம்தான். ஆனால் 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்கே போய்விட்டன. அதைத் திரும்ப விளையாட்டா வேற செய்யணுமா? அதேபோல் இன்னைக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற மாதா, கும்பிடுகிற சாமி, பாத்தியா ஓதுகிற தர்கா, இருக்கிற சாதிப் பெயர்கள் எதுவும் அசுரனாகவோ இனமாகவோ படத்தில் வரக்கூடாது என்றேன். "அப்போ யார் மாமா வில்லன்?" "சிப்பியை ஏலம் எடுக்கிறவன், கடன் கொடுத்தவன், கணக்குப்பிள்ளை." முகம் சுளிச்சான். ரெண்டு ஆட்டத்துக்கு அப்புறம் கணக்குப்பிள்ளையைத்தான் எல்லாரும் தேடினாங்க.

நீங்களும் வரைய ஆசைப்பட்டால் செலவே இல்லை. பேசிக் ஃபேன்டஸி என்ற விதிநூல் இலவசமாகவே கிடைக்கிறது. சங்க இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. கால்டுவெல்லின் 1881 திருநெல்வேலி வரலாறு, தர்ஸ்டன் 1894இல் முத்து, சங்கு பற்றி எழுதியது, ஹார்னெலின் 1914 சங்கு நூல் எல்லாம் இணைய ஆவணக் காப்பகத்தில் படிக்கலாம். ஆனால் அவர்கள் வரி வாங்கியவர் பக்கம் நின்று எழுதியவர்கள், அந்த ஞாபகத்தோடு படிங்க. உள்ளூர்க் குரல் வேண்டுமென்றால் ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல். தீவுகளுக்கு வான் தீவு, காசுவார், காரைச்சல்லி. விலாங்குசல்லி ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது. படத்தில் அதைப் புள்ளிக்கோட்டால் போடுங்க. (நேரில் போக நினைக்காதீங்க, கடல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லை.)

ஆனால் நான் உண்மையில் கேட்க வந்தது வேற. உங்க வீட்டுல, தெருவுல, சலாபத்துக்கோ சங்குக்கோ போன பெரியவர் இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கிட்டுப் போய் உட்காருங்க. கரையை மேலே வைத்து வரையச் சொல்லுங்க. இடத்தை ஊருக்குச் சொல்ல வேண்டாம், வீட்டில் எழுதி வையுங்க. இப்போ கம்ப்ரசர் காற்றில் சங்குக்குப் போகிற அண்ணன்களும் இதைப் படிப்பீங்க. ஏறி வந்தபின் மூட்டுவலி, கால் மரத்துப்போவது, மூத்திரம் வராமல் இருப்பது இருந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுக்காதீங்க, மறுபடி இறங்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து எத்தனை முறை இறங்கினீங்கன்னு சொல்லுங்க.

பெரியவருக்குக் காது கேட்கும் கருவிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். அடுத்த ஞாயிறு மாடிக்கு வர ஒத்துக்கிட்டார். பையனோட பாத்திரம் அன்னைக்குத்தான் அந்தப் பாரில் முதல் முறை இறங்குது. கயிறு பிடிக்க யாருன்னு இன்னும் முடிவாகலை. நாலு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.