பிரம்பு பேசினால் பிள்ளை பேசுவானா?

"கண்ணை மட்டும் விட்டுப்போட்டுத் தோலை உரிச்சுப் போடுங்க, வாத்தியாரய்யா!"

கொடுமுடி வட்டாரத்துப் பள்ளி வாசல்களில் தந்தைமார் சொல்லிப் பழகிய வாசகம் இது. மஞ்சள் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் விசைத்தறிக் கூடத்திலும் உழைத்து உருக்குலைந்த தோழன், மகனாவது உருப்படட்டும் என்ற ஏக்கத்தில் சொல்கிறான். ஏக்கம் நியாயமானது, வழிதான் தவறானது என்கிறோம் நாம்.

மேசையை உதைக்கிறான் ஒருவன், பக்கத்துப் பையனை அடிக்கிறான், ஆசிரியரை ஏசுகிறான். தறுதலை என்று பட்டம் சூட்டிப் பிரம்பை எடுக்கிறோம். பிரம்பு ஓய்ந்ததும் டி.சி.யை நீட்டுகிறோம். பள்ளி விரட்டிய பிள்ளை எங்கே போவான்? கூலிக்குப் போவான், அல்லது கேடர் கூட்டத்துக்குப் போவான்! எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றாதே என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. உடலையும் உள்ளத்தையும் வதைக்காதே என்கிறது 17ஆம் பிரிவு.

"அடியாத மாடு படியாதே!" என்பீர்கள். மாட்டுக்குச் சொன்னதை மகனுக்குச் சொல்லலாமா? ஆதாரம் கேட்பதன்றோ பகுத்தறிவு! இதோ ஆதாரம்.

பீகாரில், நாளந்தா மாவட்டத்தில், 74 உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2018இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற ஆலோசகர் – மருத்துவரல்லர், சாதாரண மனிதர் – அமர்ந்து குறைகேட்ட பள்ளிகளில் வம்பும் வன்முறையும் மனச்சோர்வும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர் தலையில் சுமத்திய பள்ளிகளிலோ பலனில்லை! அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1985இல் முதல் வகுப்புச் சிறுவரைக் குழுக்களாக்கி, ஒழுங்காக நடந்த குழுவைப் பாராட்டினர். அன்று முரடராயிருந்த சிறுவர் இருபது வயதை எட்டியபோது, அப்பயிற்சி பெறாதாரைவிடப் போதைப் பழக்கம் அவர்களிடம் குறைந்திருந்தது.

இதிலே மந்திரமில்லை, மாயமில்லை. 'ஏன்?' என்ற கேள்விதான் இருக்கிறது. எந்தப் பாடவேளையில் கலகம்? எதற்குப் பின்? கணக்கு வேளையில் மட்டுமென்றால், கணக்குப் புரியவில்லை என்பதே செய்தி. அவனை வெளியே நிறுத்தினால் அவன் வேண்டியதையே நாம் கொடுத்தவராவோம்! கண் பார்வை மங்கலா? காலையில் சாப்பிட்டானா? வீட்டிலே குடியா, அடியா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவனைச் சக மாணவரே வெட்டிய கொடுமையை மறப்போமா? அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளியிலே சாதிக் கயிறு கூடாதென்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிறு கட்டியது பிள்ளையின் கை. கட்டக் கற்றுக் கொடுத்தது யார்? பெரியவர்களன்றோ!

ஆசிரியரைக் குறைகூற வரவில்லை நாம். நாற்பது ஐம்பது பிள்ளைகளோடு தனியே போராடுகிறவருக்குத் துணையாள் தாருங்கள் என்கிறோம். பள்ளிதோறும் ஆலோசகர் வேண்டும். அதுவரை, 14417 என்ற கல்வி உதவி எண்ணும், 1098 என்ற சிறுவர் உதவி எண்ணும் இருக்கின்றன, அழையுங்கள்.

தோழனே, இன்றிரவு வீடு திரும்பியதும் பெல்ட்டைத் தேடாதே. பையனைப் பக்கத்தில் உட்காரவை. "என்னாச்சு கண்ணு?" என்று கேள். பதில் உடனே வராது, நாளையும் கேள். அடித்து அடக்கிய பிள்ளை அஞ்சுவான். கேட்டு அணைத்த பிள்ளை பேசுவான்!