புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட லான்சர்

மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் கார்ப் பைத்தியம் பிடித்த நம்ம வீட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரே பட்டிமன்றம்தான். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் (செல்லமாக எவோ) வாங்கிப் பொக்கிஷமாக வைத்துக்கொள்வதென்றால் ஒன்பதாவது தலைமுறையா, பத்தாவதா? தீர்ப்பு எப்போதும் ஒன்பதுக்குத்தான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ஒன்பதின் பெருமையை மறுக்கவில்லை சாமி. டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை நாலு வருஷம் தொடர்ந்து உலக ராலி சாம்பியன் ஆனாரே, அந்த வண்டிகளில் இருந்த 4ஜி63 டர்போ எஞ்சின் கடைசியாக வந்த எவோ அதுதான். வார்ப்பிரும்பு பிளாக், கல் மாதிரி. 2007-ல் வந்த பத்தில் அலுமினிய பிளாக், 4பி11. வேண்டுமென்றால் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். எடையும் கூடிப்போனது. 2016-ல் வம்சமே முடிந்தது. ஜப்பானில் இருப்பவர் ஒன்பதை வாங்கட்டும், சந்தோஷம்.

ஆனால் நாம் இருப்பது மும்பையில். ஒன்பது இங்கே ஷோரூமுக்கு வரவே இல்லை. வந்தது பத்து மட்டும். பழைய காரை இறக்குமதி செய்ய அது மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஐம்பது வயதான கிழட்டு வண்டிகளுக்கு 2025-ல் வழி விட்டார்கள். 2005-ல் பிறந்த ஒன்பது இரண்டிலும் சேராது.

அப்புறம் என்ன செய்கிறார்கள்? நம்ம திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் தயாரித்த லான்சரையோ, 2006-ல் வந்த செடியாவையோ பிடித்து, பம்பரை அறுத்து, பின்னால் இறக்கை கட்டி, 'எவோ' என்று பெயர் ஒட்டுகிறார்கள். இதற்கு அப்பாவின் ஃபிக்சட் டெபாசிட்டை வேறு உடைக்கிறார்கள்!

வங்கிக்காரன் புத்தி, காகிதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஆர்.சி. புத்தகத்தில் செடியா என்று இருந்தால் அது செடியாதான். கடனும் அந்த மதிப்புக்குத்தான். மாற்றியதைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடக்கும் அன்று இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்கலாம். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. போதாக்குறைக்குப் பதினைந்து வயது தாண்டிய வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.வில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அங்கே இந்த இறக்கையோடு போய் நிற்பீர்களா?

"என் காசு, என் ஆசை" என்பார்கள். சரி, ஆசைப்படுங்கள். ஆனால் அதற்குச் சேகரிப்பு என்று பெயர் வைக்காதீர்கள். கிடைப்பதைக் கிடைத்தபடி காப்பாற்றுவதுதான் சேகரிப்பு. காசு கொழுத்தவர் முறையான காகிதத்தோடு ஒரு பத்தை வாங்கட்டும். மற்றவர்களுக்கு நம் ஊர் லான்சரும், தேசிய ராலிகளில் புழுதி கிளப்பிய செடியாவும் இருக்கின்றன. டர்போ இல்லைதான், ஆனால் பொய்யும் இல்லை.

திருவள்ளூர் ஆலையில் இன்று சிட்ரோயென் கார்கள் தயாராகின்றன. லான்சர் இனி ஒன்றுகூட அங்கிருந்து வராது. நீங்கள் அறுக்கும் ஒவ்வொரு பம்பருக்கும் உலகத்தில் ஒரு அசல் குறைகிறது, ஒரு எவோகூடக் கூடுவதில்லை. லாபமா நஷ்டமா, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.